ஒரே ஜன்னலில் இரண்டு கரை

பசிலியா கான்யேத்தே முதல் தடவை தேர்வில் தோற்றது 2011 மார்ச் 14, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு. அசுன்சியோன் துறைமுக அலுவலகத்தின் மாடியில், பதினாறு தாள்களை நீளவாக்கில் ஒட்டி வரைந்திருந்த ஆற்றின் மேல் தேர்வாளர் எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்தார்.

"இந்தத் தண்ணித்தொட்டிக்கு எதிர்ல இந்த மாந்தோப்பு வராதும்மா," என்றார். "தோப்பு நாலு கிலோமீட்டர் மேல இருக்கு."

அளவுகோலை நகர்த்தினார். அடுத்த இடத்தில் மூன்று கிலோமீட்டர் பிசகு. அதற்கடுத்ததில் இரண்டரை.

"ரெண்டு கரையும் உன்கிட்ட இருக்கு. ஒண்ணுகூட விடல. ஆனா ஒண்ணை ஒண்ணு பார்க்கல. இதை நம்பி நான் ஒரு படகை விடமுடியாது."

அசுன்சியோனிலிருந்து கொன்செப்சியோன் வரை 312 கிலோமீட்டர் பரகுவாய் ஆறு. வளைவு, தீவு, மணல்திட்டு, மிதவை, கரையில் அடையாளமாக நிற்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும் எதையும் பார்க்காமல் வரைந்து காட்டுபவருக்குத்தான் வழிகாட்டி உரிமம். சரக்குப் படகில் கேப்டன் பக்கத்தில் நின்று, தண்ணீர் எங்கே ஆழம், எங்கே மணல் என்று சொல்வது வழிகாட்டியின் வேலை. தேர்வுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டிலும் தோற்றால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். முதல் உரிமத்தை நாற்பது வயதுக்குள் வாங்கிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. பசிலியா பிறந்தது 1973 டிசம்பர் 2. ஆகவே மிச்சமிருந்தது செப்டம்பர் 12ஆம் தேதித் தேர்வு ஒன்றே.

அவள் 'சான் ரோக்கே' என்ற தள்ளுபடகில் பதினோரு வருடமாகச் சமையல்காரி. ஆறு சரக்குத் தெப்பங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் படகு அது. மாதத்தில் இருபது நாள் ஆற்றில், பத்து நாள் கொன்செப்சியோனில் வீட்டில். சமையலறை கீழ்த்தட்டில் இருந்தது. அதற்கு நேர் மேலே சுக்கான் அறை. வழிகாட்டி கேப்டனிடம் சொல்வதெல்லாம் தகரக் கூரை வழியாக அவள் காதில் விழும். ஆழங்களை அவள் அப்படித்தான் படித்தாள்.

2007 ஜூலை 3 அன்று படகு கீழ்நோக்கி வரும்போது, 143ஆவது கிலோமீட்டரில் உள்ள தீவுக்கு வலப்பக்கம் போகும்படி வழிகாட்டி சொன்னது கேட்டது. அந்த வருட வெள்ளத்துக்குப் பிறகு ஆழம் இடப்பக்கம் மாறியிருந்தது. முந்தைய மூன்று பயணங்களில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அவள் தெரிந்து வைத்திருந்தாள். மேலே போய்ச் சொல்லச் சமையல்காரிக்கு இடமில்லை. அடுப்பை அணைத்து, சூப்புப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு நிமிடத்தில் படகு மணலில் ஏறியது. அலமாரியில் இருந்த தட்டுகள் எல்லாம் உடைந்தன. கேப்டன் எலிகியோ இறங்கி வந்து பார்த்தார்.

"சூப்பு மட்டும் எப்படிக் கொட்டல?"

"பிடிச்சுக்கிட்டிருந்தேன் கேப்டன்."

"முன்னாடியே பிடிச்சியா?"

அவள் குனிந்து உடைந்த தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அடுத்த முறை ஊர் திரும்பியதும் துறைமுக அலுவலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த உரிம விதிகளை மூன்று தடவை படித்தாள். அந்தத் தடத்தில் பணியாளராக நாற்பது பயணம் போயிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. என்ன பணி என்று எழுதியிருக்கவில்லை.

நாற்பது பயணம் போனதற்கான சான்றிதழை நீட்டியபோது எலிகியோ சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா இது? மரவள்ளிக்கிழங்கு கரை தட்டிடும்னு பயமா?"

"கையெழுத்துப் போடுங்க கேப்டன். கிழங்கு ஆறுது."

போட்டார். எழுத்துத் தேர்வுகளை அவள் தேறி முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த வரைபடமும் இந்தத் தோல்வியும்.

மார்ச் 16 அன்று வீட்டுக்கு வந்தாள். கணவன் கிறிஸ்பின் இறைச்சித் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட். பசிலியா ஆற்றில் இருக்கும் நாட்களில் பதினொரு வயது நொயேலியாவையும் ஆறு வயது மிர்னாவையும் பார்த்துக்கொள்வது கிறிஸ்பினின் அக்கா செவேரா. செவேராவுக்குக் கை எவ்வளவு உழைக்குமோ வாயும் அவ்வளவு உழைக்கும்.

"தோத்தாச்சாமே," என்றாள், துணியைப் பிழிந்தபடி.

"ஆமா மதினி."

"முன்னூறு கிலோமீட்டர் ஆத்தைப் பார்க்காமப் போடுறவ நீ. உன் சின்னப் பொண்ணு வாயில எந்தப் பல்லு ஆடுது, பார்க்காமச் சொல்லு பார்ப்போம்."

பசிலியாவுக்குத் தெரியவில்லை. மிர்னா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவள் எட்டிப் பார்க்கவில்லை. மீதித் துணியை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.

மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தன் படத்தின் நகலை விரித்தாள். பிசகு எங்கே தொடங்கியது என்று தேடினாள். மேற்குக் கரை முழுவதும் சரி. கிழக்குக் கரைதான் இடத்துக்கு இடம் வழுக்கியிருந்தது. கிறிஸ்பின் குளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"உன் சமையலறைக்கு எத்தனை ஜன்னல்?" என்று கேட்டான்.

"ஒண்ணு. இடப்பக்கம்."

"போகும்போதும் வரும்போதும் அதேதானே?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னலில் தெரிவது மேற்குக் கரை. திரும்பி வரும்போது அதே ஜன்னலில் கிழக்குக் கரை. பதினோரு வருடத்தில் இரண்டு கரையையும் ஒரே நாளில் அவள் எதிரெதிராகப் பார்த்ததே இல்லை. கிலோமீட்டர்ப் பலகைகள் நிற்பதும் மேற்குக் கரையில் மட்டும். கிழக்குக் கரைக்கு அவள் வைத்திருந்த அளவு அடுப்பில் இருந்தது. ஒரு பாத்திரம் மரவள்ளிக்கிழங்கு வேக முப்பத்தைந்து நிமிடம், அதற்குள் படகு ஒன்பது கிலோமீட்டர் இறங்கும் என்று கணக்கு. வெள்ளக் காலத்தில் அது பதினொன்று ஆகும், வறட்சியில் எட்டு. இதை அவள் யோசிக்கவே இல்லை.

"கிழங்கு மேல தப்பில்ல," என்றான் கிறிஸ்பின்.

"சிரிக்காத. நான் மேல போய் நின்னு பார்க்கணும். சுக்கான் அறையில."

"எலிகியோ விடுவாரா?"

"விடமாட்டார். அதுக்கு வேற வழி இருக்கு."

அந்த வழி தெரெரே. காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் சுக்கான் அறையில் எல்லோரும் தெரெரே குடிப்பார்கள். மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூள் நிரப்பி, ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒருவர் உறிஞ்சித் திருப்பித் தர, மறுபடி ஊற்றி அடுத்தவருக்குத் தருவது. ஊற்றுகிறவர் ஒருவர்தான், கடைசி ஆள் "நன்றி" சொல்லும்வரை அவர் இடத்தை விட்டு எழக்கூடாது. நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம். குடித்துக்கொண்டிருக்கும்போது ஊற்றுகிறவரைப் போகச்சொல்லும் மரியாதை கெட்டவன் அந்த ஆற்றில் இல்லை. அதுவரை ஊற்றியவன் ஒரு டெக் தொழிலாளி. பசிலியா அவனிடம் அந்த வேலையை வாங்கிக்கொண்டாள், பதிலுக்கு வெங்காயம் உரிப்பதிலிருந்து அவனுக்கு விடுதலை. தண்ணீரில் புதினாவும் எலுமிச்சைப் புல்லும் இடித்துப் போட்டாள்.

ஏப்ரல் 5 காலை மூவர் குடித்தார்கள். ஒன்பதாவது சுற்றில் எலிகியோ கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் பார்வை அவர் தோளுக்கு மேல் கிழக்குக் கரையில் இருந்தது.

"நான் நன்றி சொல்லிட்டா நீ கீழ போயிடணும், இல்லையா?"

"ஆமா கேப்டன்."

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி," என்று கொம்பை நீட்டினார். "ஊத்து."

பக்கத்தில் நின்ற வழிகாட்டி முனகினார். "எனக்கு வயிறு முட்டுது கேப்டன்."

"உனக்கு வேண்டாம்னா சொல்லிட்டுப் போ. நான் குடிக்கிறேன்."

படகு புறப்படும் நேரம் பயணத்துக்குப் பயணம் மாறியதால், அந்த இரண்டு வேளையில் கடக்கும் பகுதியும் மாறியது. எந்தக் கிலோமீட்டரை எந்தத் தேதியில் பார்த்தாள் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு நிரப்பினாள். ஆகஸ்ட் நடுவில், பதினான்கு பயணங்களுக்குப் பிறகு, 288 முதல் 298 வரை பதினொரு கட்டம் மட்டும் காலி. கொன்செப்சியோன் துறையில் மதியத்துக்கு மேல்தான் படகை அனுமதிப்பார்கள். அதனால் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் அவள் பதினோரு பேருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பாள். திரும்பும்போது அங்கே காலை உணவு.

எலிகியோ நோட்டைப் பார்த்தார். "அடுத்த பயணத்துல பத்து மணிக்கே சாப்பிட்டுக்கிறோம்," என்றார். "பசங்க திட்டுவாங்க. திட்டட்டும்."

அந்தப் பயணம் ஆகஸ்ட் 18 புறப்பட வேண்டும். 17ஆம் தேதி காலை கிறிஸ்பின் போன் செய்தான். செவேரா துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

"பக்கத்து வீட்டுல கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றான். "தேர்வுக்கு முன்னாடி உனக்கு இது கடைசிப் பயணம்."

பசிலியா நோட்டை மூடினாள். "மிர்னாவ யாரும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

"இல்ல."

"நான் வரேன்."

அசுன்சியோனிலிருந்து பகல் பஸ்ஸில் கிளம்பினாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, காலியான பதினொரு கட்டத்தையும் பஸ் நிற்கும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள். தேர்வுக்கு முன் அவளுக்கு வேறு பயணம் இல்லை. மூன்று நாள் சமையல், துணி, பள்ளி, செவேராவுக்குத் தலை வாரிவிடுவது. சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்:

"நாளைக்கு எல்லாரும் ஆத்துல போறோம். மீன்காரர்கிட்டப் படகு கேட்டாச்சு. என்ஜினைக் கிறிஸ்பின் பார்த்துப்பான்."

"கை ஒடிஞ்சவ நான் எதுக்கு?" என்றாள் செவேரா.

"உங்களுக்குத்தான் மதினி கண்ணு ரொம்பக் கூர்மை."

ஆகஸ்ட் 21, ஞாயிறு. 288ஆவது பலகை வரை கீழே போய், அங்கிருந்து ஆற்றின் நடுவிலேயே மெதுவாக மேலேறினார்கள். கிறிஸ்பின் என்ஜினில். நொயேலியா கையில் நோட்டும் கடிகாரமும். மேற்குக் கரைப் பலகை வரும்போதெல்லாம் எண்ணைக் கத்த வேண்டும். செவேரா குடை பிடித்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். கிழக்குக் கரையில் தெரிவதைச் சொல்வது அவள் பொறுப்பு.

"இருநூத்தித் தொண்ணூறு!" என்றாள் நொயேலியா.

"பெனித்தெஸோட மாடு நிக்குது," என்றாள் செவேரா. "கட்டாம விட்டிருக்கான் பாரு, சோம்பேறி."

"மாடு வேண்டாம் மதினி. அது நகர்ந்துடும்."

"அவன் மாடு நகராது. அவனை மாதிரியே."

"பக்கத்துல என்ன மரம்?"

"மூணு பனை. நடுவுல உள்ளது மொட்டை."

"எழுது நொயேலியா."

மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட சிப்பா ரொட்டி பையில் இருந்தது. மிர்னா ஒன்றைக் கடித்தாள், பிறகு வாயிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, வந்துடுச்சு."

பல். பசிலியா எழுந்து, படகு ஆட, அவளிடம் போய் வாயைத் திறக்கச்சொல்லிப் பார்த்தாள். மேல் வரிசை, இடப்பக்கம்.

"இருநூத்தித் தொண்ணூத்தேழு," என்றாள் நொயேலியா. "இதையும் எழுதவா?"

"எழுது."

"இந்தப் பக்கம் சூளை," என்றாள் செவேரா, கரையை விட்டுப் பார்வையை எடுக்காமல். "செங்கல் சூளை. புகைக்கூண்டு சாஞ்சிருக்கு."

செப்டம்பர் 12 காலை எட்டு மணிக்குத் தாள்களைக் கொடுத்தார்கள். பசிலியா கீழிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை ஒரு கரையை முழுதாகப் போட்டுவிட்டு மற்றதற்குப் போகவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இரண்டு கரையையும் சேர்த்தே போட்டாள். பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கடைசித் தாளில் கை நின்றது. கிழக்குக் கரையில் இரண்டு சூளைகள் உண்டு. புகைக்கூண்டு சாய்ந்தது எது, 294இலா, 297இலா? அதை அடையாளமாக வைத்துத்தான் அங்கே படகைத் திருப்ப வேண்டும். கண்ணை மூடினாள். சிறிய வாய், மேல் வரிசை, இடப்பக்கம். எண்ணைக் கத்திய குரல். வரைந்தாள்.

மூன்று மணிக்கு அதே தேர்வாளர் அதே அளவுகோலை எடுத்தார். தண்ணீர்த்தொட்டியில் தொடங்கினார். மாந்தோப்பு நான்கு கிலோமீட்டர் மேலே இருந்தது. இரண்டு மிதவை விட்டுப்போயிருந்ததற்கு மதிப்பெண் குறைத்தார். கடைசித் தாளில் அளவுகோலை வைத்துவிட்டு அரசு வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தச் சூளையில பல பேர் தடுமாறுவாங்க. உனக்கு எப்படி உறுதி?"

"என் பொண்ணுக்கு அங்கதான் சார் பல்லு விழுந்துச்சு."

அவர் அரசு வரைபடத்தை மூடினார். பிறகு எண்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்திட்டார். எண்பது எடுத்தால் போதும். மணி மூன்று இருபத்தைந்து.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது செவேரா.

"தேறிட்டேன் மதினி."

"தெரியும். இனிமே வீட்டுல எத்தனை நாள் இருப்ப?"

"வழிகாட்டிக்குப் பதினாலு நாள் ஆத்துல, பதினாலு நாள் வீட்டுல."

"நாலு நாள் ஜாஸ்தி," என்றாள் செவேரா. "என் கையும் சரியாகட்டும். அந்த நாலு நாள் நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

நவம்பர் 8 அன்று 'சான் ரோக்கே' அசுன்சியோனிலிருந்து மேலே போய், 10ஆம் தேதி கீழ்நோக்கித் திரும்பியது. பசிலியா சுக்கான் அறையில் எலிகியோவின் வலப்பக்கம் நின்றாள். 143ஆவது கிலோமீட்டர்ப் பலகை தெரிந்தது, அதற்கப்பால் தீவு.

"இடப்பக்கம், கேப்டன்."

எலிகியோ சுக்கானைத் திருப்பினார். ஆறு தெப்பங்களும் வளைந்து, தீவின் இடப்பக்கத்துப் பழுப்புத் தண்ணீருக்குள் போயின. கீழே சமையலறையில் புது ஆள் மதியச் சூப்பை அடுப்பில் வைத்திருந்தான். தீவு பின்னால் போகும்வரை அங்கிருந்து ஒரு மூடி அசைந்த சத்தம்கூட வரவில்லை.