யார் தட்டினாலும் திறக்காதீர்கள்

பிள்ளைகளே, உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாமில் உள்ள நம் பழைய அடுக்குமாடி வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டேன். அடுக்குமாடி நிர்வாகம் அதற்குத் தடை போட்டிருந்தது. மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, "யார் தட்டினாலும் திறக்காதீர்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன்.

ஒரு மதியம் காவலாளி அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, ஒங்க கீழ் வீட்டுல தீ. புகை மேல ஏறுது. ஒங்க கதவத் தட்டுனேன் லா, யாரும் திறக்கல. காலி வீடுதானே?"

உள்ளே ஈப்போவிலிருந்து வந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போதும் அபராதத்தைத்தான் முதலில் நினைத்தேன்.

"ஆளு இருக்குண்ணே," என்று சொல்லிவிட்டு, அந்தத் தாயைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்து, மெல்லிய குரலில் பேசினார்.

"யாரோ தட்டுனாங்கண்ணே. நீங்க எழுதி ஒட்டுன மாதிரியே திறக்கல. பிள்ளைங்கள சத்தம் போடாம ரூம்ல வச்சிருக்கேன்."

"தீ புடிச்சிருக்கும்மா. கதவத் திறந்து ஓடுங்க."

மூவரும் தப்பித்தார்கள். அன்றே நிர்வாகத்திடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வாடகைக்கு விடுவதை நிறுத்தினேன்.

மறுநாள் தனியாகப் போய், புகை படிந்த அந்தத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.