என் தங்கை சைக்கிளில் தீவுக்குப் போனாள்

மூன்று சைக்கிள்களும் கார் ஷெட்டுக்குள் நின்றன. கார் வெளியே மழையில் நின்றது. தக்கலையில் என் தங்கை வீட்டு முற்றத்தில் குடையை மடக்கியபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான். காரின் மேல் பலாச்சருகுகள் ஒட்டிக் கிடந்தன. அவள் கணவர் உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் அதைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவுவார். அவர் மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகப்போகிற சமயம் அது. சைக்கிள்களோ எண்ணெய் போட்டுத் துடைத்து, சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு பிள்ளைகளுடையவை, மூன்றாவது தாழ்ந்த கம்பி வைத்த லேடீஸ் சைக்கிள், புதிது.

"காரை ஏன்டி மழையில விட்டிருக்க?" என்றேன்.

"அது நனைஞ்சா காயும் அண்ணே. சைக்கிள் நனைஞ்சா செயின் துரு பிடிக்கும்லா."

சிரிக்காமல் சொன்னாள். அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறவள். பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் பேசுவது அவளுடைய வழக்கம். எது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க நான் ஒருபோதும் முயன்றதில்லை. அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை.

அன்று நான் போனது வீடு மாறுகிற பேச்சை முடிவாகப் பேசத்தான். நாகர்கோவிலில் என் வீட்டு மாடி காலியாக இருந்தது. மகன் துபாயில். தங்கை தக்கலை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு என் மாடிக்கு வந்துவிட வேண்டும் என்று நானும் உறவினர்களும் பேசி முடித்திருந்தோம். அவளிடம் மட்டும் பேசவில்லை. எங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும்; அந்தக் குடும்பத்தைத் தாய்மாமன் கட்டி ஆள்வான். சட்டம் மாறி அந்த முறை போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. சொத்து கொடுக்கிற பாதியை நாங்கள் சந்தோஷமாக மறந்துவிட்டோம். ஆள்கிற பாதியை மறக்கவில்லை. நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், நாலு புத்தகம் படித்தவன், பொதுக்கூட்டத்தில் பெண் விடுதலையைப் பற்றிக் கைதட்டியவன் நான். ஆனாலும் தங்கை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனதாக எனக்கு நினைவில்லை.

அவள் கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரம் தீவுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். ரயிலில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய், தீவு முழுக்க மூன்று பேரும் சைக்கிளிலேயே சுற்றிவிட்டு வருவார்களாம்.

"தர்ப்பணத்துக்கா?"

"இல்ல. லீவுக்கு."

"இராமேஸ்வரத்துக்கு லீவுக்கு எவளாவது போவாளா? அதுவும் அவரு போயி ஒரு வருசம் திகையல்ல. நான் காரு கொண்டாறேன். எல்லாரும் போவோம், செய்ய வேண்டியதச் செய்வோம்."

அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, பதினேழு வருசமா கார்ல அவ்வோ பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். கையில தண்ணி பாட்டில், மடியில பிள்ளை வாந்தி எடுக்க ஒரு கவரு. எங்க நிக்கணும், எங்க சாப்பிடணும், எப்பம் திரும்பணும், எல்லாம் ஸ்டியரிங் வளையம் பிடிக்கிற ஆளுக்க இஷ்டம். அவ்வோ நல்ல மனுசன்தான், கொற சொல்லல்ல. இனிமே வேற ஒருத்தருக்க வண்டியில நான் ஏற மாட்டேன். ஒங்க வண்டியிலயும்."

பிறகு ஒரு பந்தயம் வைத்தாள். யாருடைய துணையும் இல்லாமல் அந்தத் தீவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டால், வீடு மாறுவதைப் பற்றி நான் ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது. முடியாமல் என்னைக் கூப்பிட்டால், மறுவாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள். நான் ஒத்துக்கொண்டேன். சைக்கிளும் வெயிலும் அவளை ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிடும் என்று நம்பினேன்.

நம்பிக்கை போதாதென்று நானும் போனேன். சாமி கும்பிட என்று சொல்லி மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே நாட்களில் இராமேஸ்வரத்தில் அறை எடுத்தேன். அவர்கள் தனுஷ்கோடிச் சாலையில் மிதித்துக்கொண்டு போன காலையில் நானும் பின்னாலேயே காரை ஓட்டினேன். சவுக்குத் தோப்பு முடிந்து, இருபக்கமும் மணலாகி, பிறகு இருபக்கமும் கடலாகிவிடுகிற சாலை அது. முன்னால் மூன்று சைக்கிள்கள். பதினாறு வயது மகள், அடுத்து எட்டாம் வகுப்பு முடித்த மகன், கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் தங்கை. தெற்கிலிருந்து அடித்த காற்றில் மூன்றும் ஒருபக்கமாகச் சாய்ந்து போயின. பின்னால் நடை வேகத்தில் என் வெள்ளைக் கார். சுற்றுலா வேன்கள் என்னைக் கடக்கும்போதெல்லாம் நான் ஹாரன் அடித்து, ஜன்னல் வழியே கை நீட்டி, விலகிப் போ என்று காட்டினேன். தாய்மாமனின் கடமையைச் செய்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

தங்கை சைக்கிளை நிறுத்தினாள். ஸ்டாண்டு போட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள். முகமெல்லாம் வியர்வையும் மணலும்.

"அண்ணே, முன்ன மூணு சைக்கிள், பின்ன பைய ஊர்ந்து வெள்ள வண்டி. சவ ஊர்வலம் மாதிரி இருக்கு. பூ மட்டும்தான் எறியல்ல. ஒண்ணு முன்ன போங்க, இல்லேன்னா திரும்பிப் போங்க."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என்னைச் சுட்டது வேறு. நான் வேகமாக முன்னால் போய் அரிச்சல்முனையில், சாலை முடிந்து வட்டமாகத் திரும்பும் இடத்தில், காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து மூன்று பேரும் வந்தார்கள். பையன் இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டுக் கூவிக்கொண்டு வந்தான். மகள் "லேய், விழுந்து பல்லு போச்சுன்னா தெரியும்" என்று பின்னாலிருந்து கத்தினாள். என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் இறந்த பிறகு அவர்கள் மூவரும் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. என்னை அவர்கள் கூப்பிடப் போவதில்லை, பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதுதான் சுட்டது.

தங்கை மகள், என் மருமகள், என்னிடம் ஓடி வந்தாள். "மாமா, சைக்கிள் சாவிய வச்சுக்கிடுங்க, மணல்ல விழுந்திரும். கால் நனைச்சிட்டு வாறோம்" என்று மூன்று சாவிகளையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் கரையோரமாக வெகுதூரம் நடந்து போனார்கள். மீன் இறக்கிவிட்டு வந்த ஒரு மினி லாரி அங்கே நின்றது. நான் அந்த டிரைவரிடம், பிள்ளைகளுக்கு வெயிலில் மயக்கம் வந்துவிட்டது, காரில் கூட்டிப் போகிறேன், சைக்கிள்களை மட்டும் இராமேஸ்வரத்தில் அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜில் இறக்கிவிடுங்கள் என்றேன். அவர் பரிதாபப்பட்டு, என்னிடம் சாவிகளை வாங்கித் தானே பூட்டைத் திறந்து தூக்கி ஏற்றினார். லாரி போய்விட்டது. காரின் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த தங்கை வெறும் இடத்தைப் பார்த்தாள். சாவி இல்லாத என் கையைப் பார்த்தாள். என்ன செய்தேன் என்று சொன்னேன். உன் நல்லதுக்குத்தான் என்றேன். மருமகள் அழத் தொடங்கினாள். "நான்தாம்மா சாவிய குடுத்தேன்" என்றாள். தங்கை அவள் தோளில் கைபோட்டு, "மாமன நம்பிக் குடுத்தது ஒன் தப்பில்ல மக்கா" என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, உச்சி வெயிலு. பிள்ளையள கொல்லப் போறியா?" என்று கத்தினேன். திரும்பவில்லை. சிறிது நேரம் காத்திருந்து காரை எடுத்தேன். அவர்களை நெருங்கியபோது மனைவி "நிறுத்துங்க" என்றாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போனேன். அவர்கள் பழைய தனுஷ்கோடியில் இடிந்த கோயிலுக்கு அருகே வரை நடந்து, அங்கே வந்த அரசு பஸ்ஸில் ஏறி இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். மாலையில் லாட்ஜுக்குப் போய் நின்றேன். "பஸ்ஸு சர்க்காருக்க வண்டிண்ணே. ஒங்க வண்டி இல்ல. பந்தயம் எனக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பந்தயத்தில் அவள் ஜெயித்தாள். வீடு மாறவில்லை. ஆனால் ஊருக்கு முதலில் திரும்பியது நான். ஏன் திரும்பி வந்தீர்கள், அவள் எங்கே என்று உறவினர்கள் கேட்டபோது, தங்கை நடுரோட்டில் சுருண்டு விழுந்தாள், நான் மட்டும் போகாவிட்டால் மூன்று உயிரும் போயிருக்கும் என்று சொன்னேன். லாரி டிரைவரிடம் சொன்ன பொய்யையே கொஞ்சம் பெரிதாக்கினேன். அது ஒரு கல்யாண வீட்டில் நுழைந்து இன்னொரு கல்யாண வீட்டில் வெளியே வந்தது. அவள் காதுக்கும் எட்டியது. மறுத்துப் பேச அவள் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளோடு ஏதாவது ஒரு தீவுக்குச் சைக்கிளோடு போனாள். ஒருமுறை கொல்லம் பக்கம் காயலுக்கு நடுவே, மறுமுறை திரும்பவும் இராமேஸ்வரம். போகுமுன் யாரிடமும் சொல்வதில்லை. என் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

போன ஆவணியில் மருமகளுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது, மற்றவர்களுக்கு வந்ததுபோல. தாய்மாமன் செய்ய வேண்டிய ஒன்றுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. பெண்ணை மணமேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டி வந்தவன் அவள் தம்பி. பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்: "அண்ணன் இல்லேன்னா அன்னைக்கே கடக்கரையில செத்திருப்பா. நன்றி இல்லாத சவம்." எதிர் இலையில் ஒருவர், "கை தூக்கி விட்டவனுக்குப் பந்தியில எலைதான் மிச்சம்" என்றார். என் இலையில் பரிமாறிய பாயசத்தை நான் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏழு வருடமாக அவள் பெயரை அழுக்காக்கியது அவர்களல்ல, நான். அந்தப் பந்தியிலும் அதைத்தான் செய்தேன்.

மறுநாள் காலை இதை எழுத உட்கார்ந்தேன். துபாயிலிருந்து மகன் போனில், "பழசக் கிண்டாதீங்கப்பா, இந்த வயசுல எல்லாரும் ஒங்களத்தான் சிரிப்பாங்க" என்றான். சிரிக்கட்டும். நல்ல அண்ணன் என்ற பெயரோடு சாக எனக்கு விருப்பமில்லை. உறவினர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என் தங்கையை நான் காப்பாற்றவில்லை. அவள் விழவில்லை, மயங்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இனி அவளை நன்றி கெட்டவள் என்று சொல்கிறவர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லுங்கள். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

எழுதியதை எடுத்துக்கொண்டு தக்கலைக்கு பஸ்ஸில் போனேன். கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றேன். உள்ளே கூப்பிட்டாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடாமலே, இதுவரை நீங்கள் படித்ததை நான் வாசிக்க வாசிக்க முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் செரி," என்றாள். "சின்னவனுக்க செருப்பு எங்க? இதுல காணல்ல."

"எந்தச் செருப்பு?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும்.

சைக்கிள்களை லாரியில் ஏற்றும்போது பையனின் செருப்பு ஹேண்டிலில் மாட்டிக்கிடந்தது. டிரைவர் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதுவும் போகட்டும் என்றேன். அந்தத் தார் ரோட்டில் வெறுங்காலோடு சிறுவன் நடக்க மாட்டான், அழுவான், அவன் அழுதால் அவள் காரில் ஏறுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அவள் ஏறவில்லை. தன் செருப்பை அவனுக்குப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போனபோது அந்தக் கால்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கடந்தேன்.

இதைச் சொன்னதும் அவள் தலையசைத்தாள். "அத எழுதுங்க. பொறவு இன்னொண்ணு. காலு ரெண்டும் பொள்ளிப் போச்சு. துணியச் சுத்திக்கிட்டு மறுநாளு பாம்பன் வரைக்கும் மிதிச்சேன். பிள்ளைய ரெண்டும் போதும்மான்னு கெஞ்சிச்சு. நான் நிறுத்தல்ல. அதையும் எழுதுங்க. பாவம் பட்ட பொம்பள நடந்தான்னு மட்டும் இருக்கப்படாது."

எழுதிவிட்டேன். மறுநாள் அவள் பாம்பன் வரை மிதித்தாள்.