ரிப்பனுக்கு முன்னால் நின்றவர்

என் வீட்டுக்காரர் கன்னியப்பனின் ஓட்டத்தை எங்கள் பேட்டை நெல்லித்தோப்பே பார்த்திருக்கிறது. மில்லில் தறி ஓட்டுகிற வேலை. விடிந்தால் கடற்கரையில் ஓட்டம். மற்ற நேரமெல்லாம், எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போகவேண்டும் என்கிற விடுதலைக் கூட்டம். வீட்டுக்கு எப்போது வருவார் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

1954 ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரன் திருநாள். கடற்கரைச் சாலையில் பந்தயம். இவர் எல்லோரையும் முந்தினார். முடிவுக் கோட்டில் ரிப்பன், அதற்கு மேலே பிரெஞ்சுக் கொடி. ரிப்பனுக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று நின்று, கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பின்னால் வந்த நம்மூர்ப் பையன் ழான்-மரி கோப்பையை வாங்கிப் போனான். அவன் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, அதாவது சிப்பாய்.

அடுத்த வாரமே பெரிய மார்க்கெட் பக்கம் பிரெஞ்சுக்காரனின் அடியாட்கள் இவரை மடக்கி வலது முட்டியை உடைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்தார். ஊர்ப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. "மூச்சு வாங்கி நின்னுட்டான்யா, கொடி மேல பழி போடறான்" என்றார்கள். நவம்பரில் நம் கொடி ஏறிய பிறகும், இவருக்கு மாலை போட்டவர்களே மறைவில் இதைத்தான் பேசினார்கள். அடப் பாவிகளா! இவர் சோற்றில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்.

மறு ஜனவரியில் குடியரசு நாள் பந்தயம். "நொண்டிக் காலோட ஓடப் போறீங்களா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினேன்.

"இந்தத் தடவை ரிப்பனை அறுத்துக் காட்டிட்டா வாயை மூடுவாங்க இல்ல, அஞ்சலாட்சி?"

பாதியிலேயே முட்டி மடங்கிவிட்டது. காலை இழுத்துக்கொண்டு கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தார். ழான்-மரிதான் முதல். ஆனால் ரிப்பனை நெருங்கும்போது அவன் உடம்பைப் பின்னால் சாய்த்தான், குதிகாலை ஊன்றினான். நிற்க முடியவில்லை. ரிப்பனை அறுத்துக்கொண்டு போய்க் குப்புற விழுந்தான்.

"இன்னாடா ஆச்சு?" என்று கூட்டம் அவனைச் சூழ்ந்தது.

"கன்னியப்பன் மாதிரி நிக்கலாம்னு பார்த்தேன்," என்றான் மூச்சிரைக்க. "கோப்பை எட்டற தூரத்துல காலு நம்ம பேச்சைக் கேக்காதுய்யா. மூச்சு வாங்கித் தெம்பு போனவனால அப்படி நிக்கவே முடியாது."

அதற்குள் இவர் நொண்டி நொண்டிக் கோட்டுக்கு முன்னால் வந்து சேர்ந்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லடா?"

"இன்னிக்கு வரைக்கும் எனக்கே சந்தேகந்தான், கன்னியப்பா."

இவர் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அன்றுதான் இவர் சிரிப்பதைப் பார்த்தேன்.

"நவுருங்கய்யா," என்றார் கூட்டத்திடம். "நான் இன்னும் கோட்டைத் தாண்டல."

விலகி வழி விட்டார்கள். இவர் காலை இழுத்துக்கொண்டு தாண்டினார். நான் வாய்விட்டு அழுதேன்.