மாமாவின் பதிகமும் ஆறிப்போன தோசையும்

என் மாமனார் காலையில் பதிகம் பாடி முடிக்காமல் பச்சைத் தண்ணீரைக்கூடப் பல்லில் படவிடமாட்டார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரே ஒரு பதிகம், நிதானமாகப் பாடினால் பத்து நிமிடம். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. நடுவில் ஒரு சொல் தவறினாலும் முதல் பாட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அவருடைய அப்பா போட்ட சட்டமாம். அவருக்குச் சொல் தவறியதே இல்லை என்பதால் அந்தச் சட்டத்தால் வீட்டில் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை.

எண்பதைத் தாண்டியபின் தவற ஆரம்பித்தது.

முதலில் வாரத்தில் ஒரு நாள். பிறகு தினமும். நாலாவது பாட்டிலோ ஐந்தாவது பாட்டிலோ வந்து நிற்பார். நெற்றியைச் சுருக்குவார். உதடு அசையும், சொல் வராது. "சே" என்று தலையை ஆட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். இரண்டாம் முறை மூன்றாவது பாட்டிலேயே நின்றுவிடும். நான் அடுக்களையில் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு காதைத் தீட்டியபடி நிற்பேன். முதல் வரி மறுபடியும் கேட்டால் அடுப்பை அணைத்துவிடுவேன். வார்த்துவைத்த தோசை ஆறிப்போகும்.

நான் பெரிய பக்திக்காரி எல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், அம்மனைக் கும்பிடுவேன், புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொள்வேன், வருகிற வழியில் மல்லிகைப்பூ வாங்குவேன். இதில் எது முக்கியம் என்று கேட்டால் பூ என்றுதான் சொல்லியிருப்பேன். சாமிக்கும் எனக்கும் சண்டையும் இல்லை, பெரிய பழக்கமும் இல்லை. மாமனாரின் பதிகம் எனக்குக் காலைச் சத்தங்களில் ஒன்று. பால்காரர் மணி மாதிரி, பக்கத்துத் தெரு விசைத்தறி மாதிரி. என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் கவனித்ததில்லை.

அத்தை போய்ச் சேர்ந்தபின் மாமாவைப் பார்த்துக்கொள்வது என் வேலையானது. என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். மாமாவைக் குளிப்பாட்ட ஓர் ஆள் வந்து போவார். வேட்டி கட்டிவிடுவது, நெற்றியில் திருநீறு பூசிவிடுவது எல்லாம் நான்தான். "கண்ணுல விழாமப் பூசும்மா" என்பார். "நீங்க ஆடாம இருங்க மாமா" என்பேன். அதுவரை எங்களுக்குள் ஒரு குறையும் கிடையாது. பதிகம் தொடங்கியதும்தான் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பேன்.

ஏனென்றால் அவருக்குச் சர்க்கரை. ஒரு நாள் மாத்திரையை மட்டும் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டுப் பாட உட்கார்ந்தவர், பத்தரை ஆகியும் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். மனுஷன் அதைத் துப்பினார். "இன்னும் முடியலம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வயசு, மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். விழுங்கினார். விழுங்கிவிட்டு, தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதார்.

டாக்டர் மாத்திரையை மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். "ஆனா இந்த உடம்பு பட்டினி தாங்காதும்மா. இன்னொரு தடவை இப்படி ஆனா எனக்கே பயமா இருக்கு" என்றார். மாத்திரையை மாற்றலாம், சட்டத்தை யார் மாற்றுவது? சில நாள் மதியம் வரை ஒன்றும் சாப்பிடமாட்டார்; களைத்துக் கண்ணயர்ந்து எழுந்தபின், பாடியதே மறந்துபோயிருந்தால்தான் சாப்பாடு இறங்கும். நூல் மாதிரி மெலிந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். செல்போனில் அதே பதிகத்தை யாரோ பாடியதைத் தேடிப் போட்டுவிட்டேன். கடைசிவரை கேட்காமல் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "போன் பாடினா போன் சாப்பிடட்டும்" என்றார். மறதி வந்தாலும் வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். மூன்றாவது பாட்டில் மாமா திணறி நின்றபோது, "அப்பா, முடிச்சிட்டீங்க. எந்திரிங்க" என்று கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார். மாமாவும் நம்பிச் சாப்பிட்டார். ஆனால் அன்றைக்கு முழுக்க அவருக்கு நிம்மதியே இல்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று, "நெசமாவே முடிச்சேனாம்மா? எனக்கு நெனவே இல்லியே" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பொய்யை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று கண்டித்துவிட்டேன்.

கடைசியாக நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பாட வேண்டும், நின்றால் நான் எடுத்துக்கொடுக்க வேண்டும். அதுவும் சரிப்படவில்லை. எடுத்துக் கொடுத்தால் தவறியதாகத்தான் கணக்காம். மறுபடி முதல் பாட்டு. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கும் நேரம் அது. நேர்ச்சைக்குக் கோயிலைச் சுற்றுகிறவர்கள் விடியும் முன்பே எங்கள் தெருவழியாகப் போவார்கள். அவர்களாவது எத்தனை சுற்று என்று ஒரு கணக்கில் முடித்துவிடுவார்கள், மாமாவுக்கு முடிவே இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு காலையில் என் பொறுமை போயிற்று. மூன்றாம் தடவையாக ஐந்தாவது பாட்டில் நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். "தப்பிட்டு. முதல்ல இருந்து" என்றார். நான் நிறுத்தவில்லை. அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று, ஆறாவது பாட்டை உரக்க வாசித்தேன். ராகமா, தாளமா, ஒன்றும் இல்லை. கோபம்தான்.

"நிறுத்தும்மா!"

ஏழு. எட்டு.

"ஏம்மா, சொல்லுதேன்லா! நிறுத்து!"

நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் வாசித்துக்கொண்டே போனேன். அப்படியே கடைசிப் பாட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ காலைகளில் என் காதில் விழுந்த பாட்டு. அன்றைக்குத்தான் வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். இந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்களுக்கு இன்ன அருள் உண்டு என்று வழக்கம்போலத்தான் சொல்லிக்கொண்டு வந்தது. அதே வரியில், பிறர் பாட அதைக் கேட்டவர்களுக்கும் அந்த அருளேதான் என்று இருந்தது. பாடினவருக்கு ஒன்று, கேட்டவருக்கு அதில் பாதி என்றெல்லாம் இல்லை. இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்திருந்தது.

நான் நிறுத்தினேன். மாமாவும் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தார்.

"அத இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த வரியில் விரலை ஓட்டினார். அறுபது வருஷம் மனப்பாடமாகச் சொன்ன பாட்டு. ஆனால் ஐந்தாவது பாட்டைத் தாண்ட முடியாமல் இத்தனை மாதமாகத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர், கடைசிப் பாட்டுக்கு வந்து சேரவே இல்லை. அவருக்கென்று சொல்லிவைத்திருந்த வார்த்தை அங்கே இருந்தது. அவருடைய சட்டம்தான் அவரை அதுவரை போகவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது.

"கேட்டாலும் போதும்னா இருக்கு?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"போதும்னுதான் மாமா இருக்கு. நானா எழுதினேன்?"

"எங்கப்பா இதச் சொல்லலியே."

"அவுகளுக்குச் சொல் மறக்கல. அதனால இது தேவப்படல."

அந்த வரியை இன்னொரு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "அப்ப நீ முதல்ல இருந்து வாசி. இப்படி ஏசுத மாதிரி வாசிக்காம, ஒழுங்கா வாசி. நான் கேக்கேன்" என்றார்.

வாசித்தேன். கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டார். சில இடங்களில் அவர் உதடும் கூட வந்தது, சில இடங்களில் வரவில்லை. வராத இடத்தில் அவர் நெற்றி சுருங்கவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்து, "பசிக்குல்லா" என்றார்.

தோசை வார்க்கப் போனவள் அடுப்படியில் நின்று அழுதேன். அத்தனை நாள் நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த கல்லை யாரோ கையைக் கொடுத்து இறக்கிவிட்டது போல இருந்தது. என்றைக்கோ அந்தப் பதிகத்தைப் பாடினவர், ஒரு நாள் சொல் மறந்துபோய் ஒரு கிழவர் பட்டினியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துத்தான் அந்த வரியை வைத்தாரோ என்னவோ. சாமிக்கு இரக்கம் உண்டு என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

கேட்டாலும் போதும் என்பதையும் மாமா சில நாள் மறந்துவிடுகிறார். "நான்லா பாடணும், நீ என்னத்துக்கு வாசிக்கே?" என்று கோபிக்கிறார். அதனால் இப்போதெல்லாம் நான் கடைசிப் பாட்டைத்தான் முதலில் வாசிக்கிறேன். அதைக் கேட்டபின் அவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.