வலிக்காது என்று சொன்னேன்

எதையும் எண்ணிக்கொண்டே இருப்பது என் வழக்கம். காக்ஸ் டவுன் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்று எனக்கு முன்னால் ஏழு பேர். ஏழாவது, ஆறு வயதுச் சிறுமி. ஊசியைப் பார்த்து அலறியவளிடம், "வலிக்கவே வலிக்காதும்மா. பத்து எண்ணு, முடிஞ்சிடும்" என்றேன்.

நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினார்கள். அழுதுகொண்டே இருபத்துமூன்று வரை எண்ணினாள்.

"பொய் சொல்லிட்டீங்க தாத்தா."

தலைகுனிந்தேன். அடுத்து நான் உட்கார்ந்தேன்.

"உங்ககூட யாரும் வரலையா?" அம்மாவின் கையைப் பிடித்து நின்றபடி சிறுமி கேட்டாள்.

"யாரும் இல்லம்மா."

அம்மாவின் கையை விட்டுவிட்டு வந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்கும் தாத்தா. ஊசியைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க."

வலித்தது. மனைவி இறந்த பிறகு இந்த ஒன்பது வருடங்களில் என் கையை யாரும் பிடித்ததில்லை. அன்று எண்ணவே மறந்துவிட்டேன்.