பசுவந்தனை மழையும் ஒரு எக்ஸிட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். கோவில்பட்டியில் ஒரு விவசாயிகள் சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கரிசல் பக்கம் மக்காச்சோளம் அறுத்தால் காயப்போட தார் ரோடுதான் களம். அதனால், மழை வரும் நாளில் மட்டும் காலையிலேயே அந்தந்த ஊர்க்காரர்களுக்கு மெசேஜ் போகும்படி ஷெல் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைத் தொகுப்பு ஒன்று எழுதியிருந்தேன். மெசேஜ் வராவிட்டால் மழை இல்லை என்று அர்த்தம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று மதியம் பசுவந்தனையிலிருந்து ஒரு அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, இன்னைக்கு மெசேஜ் வரலையே. மழை இல்லன்னு நெனச்சி சோளத்தை ரோட்டுல பரத்திட்டேன். இங்கன ஊத்துது."

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு நனைஞ்சது நனைஞ்சிட்டு. மேக்க கயத்தாறுக்காவது மெசேஜ் போச்சா? அவியளும் பரத்தித்தான வச்சிருப்பாவ."

பார்த்தேன். போகவில்லை.

"அப்ப மொதல்ல அவியளுக்குப் போன் போடு தாயி" என்று வைத்துவிட்டார்.

சங்க உறுப்பினர் பதிவேட்டை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தேன். கயத்தாற்றில் மழை இறங்குவதற்குள் பெரும்பாலானோர் தார்ப்பாய் மூடிவிட்டார்கள். அண்ணாச்சிக்குப் பாதிச் சோளம் பூசணம் பிடித்துப் போனது.

தவறு ஒரே ஒரு வார்த்தையில். ஒரு ஊருக்கு வானிலை விவரம் வராவிட்டால் 'எக்ஸிட்' என்று எழுதியிருந்தேன். 'ரிட்டர்ன்' என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டுமே வெளியே வரும் கட்டளைதான். ரிட்டர்ன் அந்த ஊரை மட்டும் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். எக்ஸிட் மொத்த ஸ்கிரிப்டையும் நிறுத்திவிடும். ஒரு ஸ்டாப்பில் ஆளில்லை என்று பஸ்ஸையே டிப்போவுக்குத் திருப்பின கதை. அன்று பட்டியலில் முதல் ஊரான எப்போதும்வென்றானுக்கு விவரம் வரவில்லை. அதோடு எல்லாம் நின்றுவிட்டது.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. கடைசி ஊரான கயத்தாற்றின் விவரத்தை அழித்துவிட்டுச் சோதித்தேன். அதற்கப்புறம் ஊரே இல்லாததால் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது மழை இல்லாத நாளிலும் 'மழை இல்லை' என்று மெசேஜ் போகிறது. தன் சோளம் நனைந்துகொண்டிருந்தபோதும் அண்ணாச்சி அடுத்த ஊரை நினைத்தார். நான் எழுதியது நினைக்கவில்லை. இன்றும் எக்ஸிட் என்று தட்டுவதற்கு முன், இதற்கப்புறம் எந்த ஊர் காத்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.