கறுப்பு மைமேல் போட்ட பழி

யுத்த காலத்தில் நான் திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல், பின்பக்கம் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிய பஸ். போதாததற்கு, எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரிந்துவிடும் என்று முன்விளக்குக் கண்ணாடியில் பாதிக்குக் கறுப்பு மை பூசச் சொல்லி சர்க்கார் உத்தரவு. சாயங்காலம் திரும்பி வரும்போது பாடாலூரில் பொழுது சாயும். அதற்கப்புறம் ரோடும் வயலும் எனக்குச் சாணி மெழுகின தரை மாதிரி ஒரே நிறம்தான். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மையால் வந்த வினை என்று வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

கண்டக்டர் என்னைவிட இளையவர், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். படியில் தொங்கியபடி, "அண்ணே, வலது பக்கம் மாட்டு வண்டி", "அண்ணே, ஆடு குறுக்க வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயில் கூட்டம் ரோட்டில் நின்றபோது, அவர் போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தேன். "இந்த மையப் பூசச் சொன்னவன் வெளங்குவானா?" என்றேன். "அதானேண்ணே!" என்று சிரித்தார்.

பிரியம் காட்டுவதில் முதலாளி அவருக்கும் மேல். எல்லாரும் அவருக்கு மாப்பிள்ளைதான். "ஒன் கை பட்டா வண்டி பூவாட்டம் போவுது மாப்ளே" என்று தோளில் கை போடுவார். எனக்குத் தலைகால் புரியாது.

ஷெட்டில் ஒருத்தன் மட்டும் யாரோடும் ஒட்டமாட்டான். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பகல் டிரிப் ஓட்டியவன், ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள். சரியான சிடுமூஞ்சி. பேசினால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. வண்டி நிறுத்துகிற இடத்துக்காக எனக்கும் அவனுக்கும் சண்டை வந்து பேச்சே நின்றுபோயிருந்தது.

ஒரு நாள் அடுப்பு ரிப்பேர் ஆகி என் வண்டி கிளம்பவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "யோவ்" என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். மறுபடியும் "யோவ்".

"பீடிய நீட்டிக்கிட்டு நிக்கிறேன், தெரியல? வேணும்னுதான் நீட்டுனேன்." அந்தச் சிடுமூஞ்சியின் குரல். அவன் கை என் மூக்குக்கு நேராக இருந்திருக்கிறது. வண்டியில் விளக்கு மங்கல், மை பூசியிருக்கிறது, சரி. இங்கே ஏது மை?

"இவனுக்கு மாலைக்கண்ணுய்யா! பொழுது சாஞ்சா குருடு. இவன நம்பி பஸ் நெறைய சனத்த ஏத்தி வுடறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?" என்று ஷெட்டே அதிரக் கத்தினான்.

எனக்கு வந்ததே கோபம்! சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன். அந்த மசங்கலில் அதுவும் கைக்கு அகப்படவில்லை. "வுடுங்கண்ணே, பொறாம புடிச்சவன்" என்று கண்டக்டர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவரிடம் கேட்டேன். "சத்தியமா சொல்லு. நீ குரல் குடுக்குறது மையினாலயா, என் கண்ணாலயா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் தெரியும்ணே. முதலாளிக்கும் தெரியும். டிரைவருங்கள்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டாங்க, வேற ஆளு கெடைக்கல. சொன்னா உங்க மனசு நோவுமேன்னுதான் நானும்..."

திட்டத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. பாவி மனுஷன், அவரும் அதே வண்டியில்தானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொங்கினார்! என் முகம் வாடக்கூடாது என்று இத்தனை பேருமாகச் சேர்ந்து ஒரு பஸ் ஜனத்தைப் பலி கொடுத்திருப்போம்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், கண் சங்கதியைச் சொல்லி, பகல் டிரிப் கேட்டேன். "அந்தக் கிறுக்கன் பேச்ச வுடு. பாத்துக்கலாம் மாப்ளே" என்று அதே சிரிப்பு, தோளில் அதே கை. அவரையும் குற்றம் சொல்லி என்ன? ஆள் இல்லாவிட்டால் வண்டி படுத்துவிடும். ஆனால் அன்று சாயங்காலமும் நானே ஓட்டவேண்டும். மாட்டேன் என்றால் என் வீட்டில் சோறு போச்சு. சரி என்றால் எத்தனை பேர் உயிரோ.

வெளியே வந்தால், அந்தச் சிடுமூஞ்சி நிற்கிறான்.

"என் பகல் டிரிப்ப நீ எடுத்துக்க, சாயங்காலத்த நான் ஓட்டறேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஆட்டு ஈரல் வாங்கித் தின்னு, கண்ணு திரும்பும். திரும்புனதும் என் டிரிப்ப என்கிட்ட குடுத்துரணும், ஆமா."

அவன் சொன்னபடியே பிறகு கண்ணும் திரும்பியது, டிரிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அது இருக்கட்டும். அழ அழச் சொல்லுவார் தன் மனிதர் என்பார்கள். இவனோ என் சண்டைக்காரன்! "எனக்காகவா இம்புட்டும்..." என்று இழுத்தேன்.

"ஒனக்காக ஒண்ணுமில்ல. என் சம்சாரம் பாடாலூர் பள்ளிக்கூடத்துல டீச்சரு. தெனம் ஒன் வண்டியிலதான் வூட்டுக்கு வருது."

"அவங்க அதுல வராட்டி, என்கிட்ட சொல்லியிருக்க மாட்டியா?"

தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். சும்மாவாவது "சொல்லியிருப்பேன்" என்றிருந்தால் காலம் முழுக்க அவனைத் தெய்வமாகக் கும்பிட்டிருப்பேன். அது அவனுக்கும் தெரியும்.

"தெரியலய்யா" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோடு என்றும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இதுக்கு ஏன்யா அழுவுற?" என்று எரிந்து விழுந்தான்.